பகிர்ந்த டிரைவ் பக்கத்துக் கணினியில் திறக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வீட்டில் இரண்டு விண்டோஸ் கணினிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் உள்ள டிரைவையோ ஃபோல்டரையோ மற்றொன்றிலிருந்து திறக்க முயன்று அலுத்துப்போனவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இது பொருந்தும். டிரைவ் இருக்கும் கணினியைக் ‘கூடத்துக் கணினி’ என்றும், அதைத் திறக்க முயலும் கணினியை ‘அறைக் கணினி’ என்றும் குறிப்பிடுகிறேன். மெனுப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், தட்டச்சிடும்போதும் ஆங்கிலத்திலேயே இட வேண்டும்.

டிரைவ் திறக்கவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

அறைக் கணினி அந்த டிரைவுக்குள் போக நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் கூடத்துக் கணினி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்; பிறகு அதன் 445 எண் போர்ட் (நெட்வொர்க் வழியாக வருபவை நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்க வேண்டும்; அடுத்து, வந்திருப்பது யார் என்பதைப் பயனர்பெயராலும் பாஸ்வேர்டாலும் மெய்ப்பிக்க வேண்டும்; கடைசியாக, அந்தப் பயனருக்கு அந்த ஃபோல்டரில் அனுமதி இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் தடைபட்டாலும் நமக்குத் தெரிவது ‘திறக்கவில்லை’ என்ற ஒன்றுதான் என்பதால், பெரும்பாலோர் நேராக நான்காம் கட்டத்துக்குப் போய், ஃபோல்டர் அனுமதிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். முதல் கட்டத்திலேயே நின்றுபோன இணைப்புக்கு அனுமதியைத் தளர்த்துவதால் எந்தப் பயனும் இல்லை. பின்னாளில் அந்தத் தளர்வை மறந்துவிடுவதால் கேடுதான் மிஞ்சும். எனவே எதையும் மாற்றுவதற்கு முன், எங்கே நிற்கிறது என்பதை முதலில் கண்டறியுங்கள்.

அதற்கு ஒரு சோதனை போதும். கூடத்துக் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று இட்டால் அதன் ஐபிவி4 முகவரி கிடைக்கும், அது 192.168.1.12 என்று வைத்துக்கொள்வோம். அறைக் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.12 என்று இட்டு என்டர் தட்டுங்கள். பகிர்ந்த ஃபோல்டர்களின் பட்டியல் வந்தால் முதல் மூன்று கட்டங்களும் சரி. பாஸ்வேர்டு கேட்டால் முதல் இரண்டும் சரி. நெடுநேரம் சுழன்றுவிட்டுப் பிழைச்செய்தி வந்தால், இன்னும் வாசலைக்கூட எட்டவில்லை என்று பொருள்.

ஐபி முகவரியை இட்டால் திறக்கிறது. ஆனால் ‘நெட்வொர்க்’ பகுதியில் கூடத்துக் கணினி தெரியவே இல்லை. ஏன்?

பட்டியலில் தெரிவதும் இணைப்பு கிடைப்பதும் வெவ்வேறு வேலைகள். பட்டியலில் கணினியைக் காட்டுவதற்கு விண்டோஸ் தனியாக ஒரு அறிவிப்பு முறையைப் பயன்படுத்துகிறது. கூடத்துக் கணினியில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) ஓடாவிட்டால், அது தன்னை அறிவிக்காது. சர்வீசஸ் சாளரத்தில் அதைத் தேடி, தொடங்கும் வகையை ‘ஆட்டோமேட்டிக்’ என மாற்றி, ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் போதும்.

என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலை நம்பாமலே இருக்கலாம். ஒருமுறை முகவரியை இட்டுத் திறந்து, அந்த ஃபோல்டரை மேப் செய்துகொண்டால் (அதாவது, அறைக் கணினியில் ஒரு டிரைவாகவே தெரியும்படி இணைத்துக்கொண்டால்) பிறகு பட்டியலின் தேவையே எழாது.

முகவரியை இட்டாலும் ‘நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை’ என்று 80070035 என முடியும் பிழை எண் வருகிறது. இதன் பொருள் என்ன?

அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களான 35 பதினாறடிமான முறையில் எழுதப்பட்டவை. பதின்ம முறையில் அது 53. கமாண்ட் பிராம்ப்டில் ‘சிஸ்டம் எரர் 53’ என்று வருவதும் இதே பிழைதான். அழைத்தவருக்கு மறுமுனையிலிருந்து விடையே வரவில்லை என்பது இதன் பொருள். பாஸ்வேர்டுக்கும் அனுமதிக்கும் இங்கே பங்கில்லை. காரணங்களைப் பின்வரும் வரிசையில் பாருங்கள்.

இரண்டு கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா? ஒருமுறை ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்), சர்வீஸ், அனுமதி எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான், அறைக் கணினி ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருப்பது கண்ணில் பட்டது. பெயர் ஏறக்குறைய ஒன்றேதான். இறுதியில் ஒரு சொல் மட்டும் கூடுதல். விருந்தினர் வைஃபையில் இணையம் தடையின்றி வரும், ஆனால் வீட்டிலுள்ள பிற கருவிகளைத் தொட முடியாதபடி ரவுட்டர் வேலி போட்டிருக்கும். சில ரவுட்டர்களில் ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற அமைப்பு முதன்மை வைஃபையிலும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து, இரு முகவரிகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். இணையச் சேவையினர் தந்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி மாட்டியது மற்றொன்று. இந்த நிலையில் உள்ளிருக்கும் கணினியிலிருந்து வெளியிலிருப்பது திறக்கும், வெளியிலிருப்பதிலிருந்து உள்ளிருப்பது திறக்காது. ‘ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது’ என்று குழம்புபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றினால் இரு கணினிகளும் ஒரே வரிசை முகவரிகளைப் பெறும். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அந்தக் கணினிக்கு முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையோ வைஃபை இணைப்பையோ முதலில் சரிசெய்யுங்கள். விபிஎன் (இணைப்பை வேறொரு நெட்வொர்க் வழியே திருப்பிவிடும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

இவை யாவும் சரி எனில், கூடத்துக் கணினியில் நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இப்போதைய இணைப்பின் பண்புகளில் அதை ‘பிரைவேட்’ என மாற்றலாம். பப்ளிக் என்றால் வெளியிடத்து வைஃபை போல எண்ணிக்கொண்டு விண்டோஸ் தன் கதவுகளைச் சாத்திவிடும். ரவுட்டரை மாற்றிய மறுநாள் பகிர்வு நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம்: விண்டோஸுக்கு அது முன்பின் அறியாத புது நெட்வொர்க். ‘பிரைவேட்’ ஆக்கிய பின், ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ இயக்கத்தில் இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிங் செய்தால் விடை வரவில்லை. அப்படியானால் இணைப்பே இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ள வேண்டாம். பிங் என்பது ‘இருக்கிறாயா’ என்று மறுமுனையைக் கேட்கும் சிறு செய்தி. அதற்கு விடையளிக்க வேண்டாம் என்று ஃபயர்வால் தடுத்திருக்கலாம். அந்நிலையிலும் பகிர்வு வேலை செய்யக்கூடும். மறுதலையாக, பிங்குக்கு விடை வந்தும் பகிர்வு வேலை செய்யாமல் போகலாம். தேவையான கேள்வியை நேரடியாகவே கேட்கலாம்: அறைக் கணினியின் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்ற கட்டளையுடன் கூடத்துக் கணினியின் முகவரியையும், ‘-போர்ட்’ என்ற சொல்லுக்குப் பின் 445 என்ற எண்ணையும் இடுங்கள். விடையின் கடைசி வரியில் ‘ட்ரூ’ என்றிருந்தால் கதவு திறந்திருக்கிறது. ‘ஃபால்ஸ்’ என்றிருந்தால் சாத்தியிருக்கிறது.

பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. எதைக் கொடுத்தாலும் ஏற்க மறுக்கிறது.

இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான் என்பேன். அந்தச் சிறு பெட்டி கேட்பது அறைக் கணினியின் பாஸ்வேர்டை அல்ல, வைஃபை பாஸ்வேர்டையும் அல்ல. கூடத்துக் கணினியில் உள்ள ஒரு பயனர் கணக்கின் பெயரையும் அதன் பாஸ்வேர்டையும்தான். பெட்டி தோன்றுவதற்கு முன்பே விண்டோஸ் ஒரு முயற்சி செய்துவிடுகிறது: அறைக் கணினியில் நீங்கள் எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறீர்களோ அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கூடத்துக் கணினியிடம் நீட்டிப் பார்க்கிறது. இரு கணினிகளிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு இருந்தால் எதுவும் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். சிலர் வீட்டில் இது ‘தானாகவே’ வேலை செய்வதற்கும், ஒரு கணினியில் பாஸ்வேர்டை மாற்றியதும் நின்றுபோவதற்கும் காரணம் இதுவே.

நான்கு இலக்கப் பின் எண்ணை இட்டு நுழையப் பழகியவர்கள் இங்கும் அதையே இடுகிறார்கள். பின் எண் அது அமைக்கப்பட்ட கணினிக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு அது உதவாது. கூடத்துக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் முழு மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் தர வேண்டும். பின் எண்ணையே பல ஆண்டுகள் பயன்படுத்தி, அந்தப் பாஸ்வேர்டு என்னவென்றே மறந்துபோனவர்கள் நம்மில் பலர்.

இந்தக் குழப்பங்களிலிருந்து ஒரேயடியாக விடுபட, பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள். கூடத்துக் கணினியின் செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’, ‘அதர் யூசர்ஸ்’, ‘ஆட் அக்கவுன்ட்’ என்று சென்று, மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் அந்த நபரின் விவரம் இல்லை என்ற இணைப்பையும், அதன் பின் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேர்க்கும் இணைப்பையும் அழுத்துங்கள். ‘பகிர்வு’ என்று ஒரு பெயரும் நல்ல பாஸ்வேர்டும் கொடுங்கள். இந்தக் கணக்குக்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. பிறகு அறைக் கணினியின் பெட்டியில் வெறும் ‘பகிர்வு’ என்று இடாமல், கூடத்துக் கணினியின் பெயரையும் முன்னால் சேர்த்து ‘கூடம்\பகிர்வு’ என்பதுபோல இடுங்கள். இந்தப் பகிர்வு எந்தக் கணினியைச் சேர்ந்த பயனர் என்ற ஐயத்துக்கு அப்போது இடமிருக்காது. கணினியின் பெயர் 15 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருப்பது நல்லது.

இவ்வளவு செய்தும் மறுத்தால், முன்பு எப்போதோ சேமித்த தவறான பாஸ்வேர்டு குறுக்கே நிற்கலாம். அறைக் கணினியின் கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியைத் திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பட்டியலில் கூடத்துக் கணினிக்கான பதிவுகளை நீக்குங்கள். கணினியின் பெயருக்கு ஒரு பதிவும் ஐபி முகவரிக்கு வேறொரு பதிவும் இருக்கக்கூடும். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, மாற்றமில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு.

கூடத்துக் கணினிக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் போதாதா?

போதாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கைக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே பயன்படுத்தலாம், நெட்வொர்க் வழியாக வருபவர் பயன்படுத்தக் கூடாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. விண்டோஸின் உள்ளமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் இதைத் தளர்த்தும் வழி உண்டு. தனிக் கணக்கு உருவாக்க இரண்டு நிமிடம் போதும் எனும்போது அந்த வழி எதற்கு?

அண்மைய அப்டேட்டுக்குப் பிறகு, நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுப்பதாகச் செய்தி வருகிறது. வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்?

அந்தச் செய்தி அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் அதைப் படிப்பவருக்கு யாரோ தன் கணினியைப் பிடித்துக்கொண்டார்களோ என்ற அச்சம் எழுவது இயல்பு. நடந்தது இவ்வளவுதான்: விண்டோஸ் 11 புரோ பதிப்பின் 24எச்2 வெளியீட்டிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழையும் வழி இயல்பாகவே அடைக்கப்பட்டுவிட்டது. கூடவே, பரிமாறப்படும் ஒவ்வொரு செய்தியிலும், அது இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் எஸ்எம்பி கையொப்பம் (எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி) இருக்க வேண்டும் என்பதும் கட்டாயமாக்கப்பட்டது. விருந்தினர் இணைப்பில் கையொப்பமிட இயலாது. ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ என்பதை அணைத்து வைத்துப் பகிர்ந்துவந்தவர்களைத்தான் இது பாதித்தது. அதை மீண்டும் இயக்கி, மேலே சொன்ன தனிக் கணக்கைப் பயன்படுத்துவதே சரியான தீர்வு. தடையை நீக்கும் கட்டளைகள் வலையில் நிறையக் கிடைக்கின்றன. பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றுக்கு வேறு வழியில்லை என்றாலன்றி அவற்றைத் தொட வேண்டாம்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, ஃபோல்டரைத் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்கிறது.

இப்போதுதான் நான்காம் கட்டத்துக்கு வந்திருக்கிறோம். பகிர்ந்த ஃபோல்டருக்கு இரண்டு அனுமதிப் பட்டியல்கள் உண்டு என்பதை அறிந்தால் இங்கே பாதி வேலை முடிந்துவிடும். ஃபோல்டரின் ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தைத் திறந்து பாருங்கள். ‘ஷேரிங்’ தாவலில் ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’, ‘பெர்மிஷன்ஸ்’ என்று சென்றால் வருவது பகிர்வுப் பட்டியல். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு மட்டுமே அது பொருந்தும். பக்கத்திலுள்ள ‘செக்யூரிட்டி’ தாவலில் இருப்பது டிஸ்கின் பட்டியல். நேரில் உட்கார்ந்திருப்பவர், நெட்வொர்க்கில் வருபவர் இருவருக்கும் அது பொருந்தும். நெட்வொர்க்கில் வருபவர் இரண்டு பட்டியல்களையும் கடக்க வேண்டும். இரண்டில் எது குறைவாகத் தருகிறதோ அதுவே அவருக்குக் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘படங்கள்’ என்ற ஃபோல்டரின் பகிர்வுப் பட்டியலில் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ வரை டிக் செய்துவிட்டீர்கள். செக்யூரிட்டி தாவலிலோ உங்கள் கணக்கும் நிர்வாகிகளும் மட்டுமே இருக்கிறார்கள். ‘பகிர்வு’ கணக்கில் வருபவர் முதல் பட்டியலைத் தாண்டி இரண்டாவதில் நின்றுவிடுவார். செக்யூரிட்டி தாவலில் ‘எடிட்’, ‘ஆட்’ அழுத்தி ‘பகிர்வு’ என்ற பெயரைச் சேர்த்து, படிக்க மட்டும் எனில் ‘ரீட்’ வகைகளையும், எழுதவும் வேண்டுமெனில் ‘மாடிஃபை’ என்பதையும் டிக் செய்யுங்கள். ஐயமிருந்தால் அதே தாவலின் ‘அட்வான்ஸ்டு’ சாளரத்தில் ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ பகுதியில் அந்தப் பெயரைத் தந்து, உண்மையில் என்னென்ன அனுமதி கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கணினியிலிருந்து கழற்றி மாட்டிய டிஸ்க்காக இருந்தால், செக்யூரிட்டி தாவலில் பெயருக்குப் பதிலாக நீண்ட எண்வரிசை ஒன்று தெரியும். அது பழைய கணினியில் இருந்த பயனரின் அடையாள எண்; அந்தப் பயனர் இப்போது இல்லை. ‘அட்வான்ஸ்டு’ சாளரத்தில் உரிமையாளரை உங்கள் கணக்குக்கு மாற்றிய பிறகே புதிய பெயர்களைச் சேர்க்க முடியும். இதை உங்கள் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள டிரைவின் வேரில் செய்தால் கணினியே திறக்காத நிலை வரலாம்.

கோப்புகளைத் திறந்து பார்க்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை.

புதிதாகப் பகிரும்போது ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ தருவது ‘ரீட்’ மட்டுமே. அங்கே ‘சேஞ்ச்’ என்பதையும் டிக் செய்யுங்கள். ஒரே ஃபோல்டரில் சில கோப்புகள் மட்டும் அடம்பிடித்தால், அவை வேறு ஃபோல்டரிலிருந்து நகர்த்தப்பட்டு, பழைய அனுமதிகளைச் சுமந்து வந்திருக்கக்கூடும்.

ஒரே கணினியில் வேறொரு பயனராக நுழைய முயன்றால் 1219 என்ற பிழை வருகிறது.

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர்பெயர்களில் இணைய விண்டோஸ் இடம் தராது. முன்பு ஒரு பெயரில் நுழைந்த இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் யூஸ்’ என்று இட்டால் நடப்பிலுள்ள இணைப்புகள் தெரியும். ‘நெட் யூஸ் * /டெலீட்’ என்று இட்டால் எல்லாம் அறுபடும். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

மேப் செய்த டிரைவில் காலையில் சிவப்புக் குறுக்குக்கோடு தெரிகிறது.

டிரைவைச் சொடுக்கியதும் திறந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடியிருக்கிறது, அவ்வளவுதான். நெடுநேரம் பயன்படுத்தாத இணைப்பைக் கூடத்துக் கணினி 15 நிமிடத்தில் துண்டித்துக்கொள்வதும் இயல்பே. அடுத்த சொடுக்கில் அது மீண்டும் இணையும். சொடுக்கியும் திறக்கவில்லை என்றால், கூடத்துக் கணினி தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தூக்க நிலையிலுள்ள கணினி தன் டிரைவை யாருக்கும் தராது. ஐபி முகவரியைக் கொண்டு மேப் செய்திருந்தால், ரவுட்டர் அந்தக் கணினிக்கு வேறு முகவரியைத் தந்திருக்கவும் கூடும். ரவுட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இது திரும்ப வராது.

பழைய கணினியோடு இணைக்க எஸ்எம்பி1 தேவை என்கிறார்கள். இயக்கலாமா?

வேண்டாம். விண்டோஸ்கள் தமக்குள் கோப்புகளைப் பரிமாறப் பேசும் மொழியே எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பு 1980களைச் சேர்ந்தது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல், இந்த முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 10இன் 1709 வெளியீட்டிலிருந்து அதை இயல்பாகச் சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. விண்டோஸ் 7 கூட எஸ்எம்பி2 பேசும் என்பதால், எஸ்எம்பி1 மட்டுமே அறிந்தது விண்டோஸ் எக்ஸ்பி அளவுக்குப் பழைய கணினியாகத்தான் இருக்கும். அதிலுள்ள கோப்புகளை யுஎஸ்பி டிஸ்க் வழியாக எடுத்துவிடுங்கள்.

வீட்டுக் கணினிகளுக்குள் எளிதாகப் பகிர உதவிய, முன்பிருந்த ஹோம்குரூப்பைக் காணவில்லையே?

2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 வெளியீட்டில் அது நீக்கப்பட்டுவிட்டது. அதன் வழியே பகிர்ந்தவற்றை மேலே சொன்ன முறையில் மீண்டும் பகிர வேண்டும்.

ஃபயர்வாலை அணைத்தால் உடனே வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது, ஆனால் நீங்கள் செய்தது பயனுள்ள சோதனை. தடை இரண்டாம் கட்டத்தில்தான் என்பது அதனால் உறுதியாகிவிட்டது. ஃபயர்வாலை மீண்டும் இயக்கிவிட்டு, ‘அலோ ஆன் ஆப்’ பட்டியலில் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ என்ற வரியில் ‘பிரைவேட்’ கட்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டிருந்தால் விண்டோஸ் ஃபயர்வாலின் வேலையை அதுவே எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது விண்டோஸின் பட்டியலில் எதை மாற்றினாலும் பயன் இருக்காது. அந்த ஆன்டிவைரஸின் அமைப்பில் உங்கள் வீட்டு நெட்வொர்க்கை ‘நம்பத்தக்கது’ என்று குறிக்க வேண்டும். ரவுட்டரை மாற்றும்போதெல்லாம் இந்தக் குறியையும் ‘பிரைவேட்’ அமைப்பையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.